அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த ஏழு நாள்

இரண்டாமாண்டு விலங்கியல் படிக்கும் இரண்டு மாணவிகளுக்கு, வரும் கோடை விடுமுறையில் ஒரு பூச்சிச் சூழலியல் ஆய்வகத்தில் வேலை செய்ய ஆசை. யாரிடம் கேட்பது, என்ன தெரிந்துகொண்டு போவது, போனால் என்ன வேலை தருவார்கள் என்று சொல்லக் கல்லூரியில் ஆள் இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரில் பார்த்து வரக் கிளம்பினோம். ஒவ்வொரு நாளும் இரவில் எழுதிப் போட்டதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

செப்டம்பர் 18, 2024, புதன், கோயம்புத்தூர்

காலை ஏழரைக்கே தூறல். காந்திபுரத்தில் மருதமலைப் பேருந்து ஏறினால் லாலி ரோட்டைத் தாண்டி வேளாண்மைப் பல்கலைக்கழகம். "பூச்சி மியூசியத்துக்குங்களா? நானே சொல்றேன், உக்காருங்க" என்ற நடத்துநர், சொன்னபடி இரண்டு நிறுத்தம் முன்பே எழுப்பிவிட்டார்.

பூச்சி அருங்காட்சியகம் 2018-ல் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஆய்வகத்துக்குப் போக நினைப்பவர் ஊசியைப் பார்க்க வேண்டும். வண்டுக்கு ஊசி நடுவில் இறங்காது, வலது முன்சிறகின் மேற்பகுதியில் இறங்கும். குளவிக்கும் ஈக்கும் மார்பில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம். நடுக்கோட்டில் இருக்கும் மயிரும் வரியும்தான் பல இனங்களைப் பிரித்துச் சொல்லும் அடையாளம். ஊசி அதைக் கிழித்துவிட்டாலும் இடப்பக்கம் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் வலப்பக்கமே குத்துகிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் நடு மார்பு.

பூச்சி ஊசியின் நீளம் 38 மில்லிமீட்டர். தொடங்குபவருக்குத் தடிமனில் 2-ம் எண்ணும் 3-ம் எண்ணும் போதும். தையல் ஊசியில் குத்தினால் சில மாதத்தில் துரு ஏறி, பூச்சி இரண்டாகப் பிளந்துவிடும். பூச்சிக்கு மேலே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஊசியை விட வேண்டும், விரல் பிடிக்க அந்த இடம் தேவை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பூச்சியைக் குத்தவே கூடாது. கெட்டி அட்டையை முக்கோணமாக வெட்டி, அதன் நுனியைச் சற்று மடக்கி, பூச்சியின் மார்பு வலப்பக்கத்தை ஒரு துளி பசையில் ஒட்டி, அட்டையில் ஊசி குத்துவார்கள். பசை அதிகமானால் கால்கள் மூழ்கிப்போகும், அப்புறம் அதைப் பெயர் சொல்லவே முடியாது. அடியில் போடும் பலகைக்கு விலையுயர்ந்த தக்கை வேண்டாம். உடற்பயிற்சிப் பாயின் நுரையைத் துண்டு போட்டு அட்டைப்பெட்டியில் ஒட்டினாலே ஊசி நன்றாக நிற்கும்.

மதியம் பக்கத்து மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம், மேலே ஒரு கரண்டி நெய், 70 ரூபாய். "பத்தலைன்னா கேளுங்க, காசு வேண்டாம்" என்று பரிமாறிய அம்மா சொன்னதோடு நிற்காமல் இரண்டாவது கரண்டியும் போட்டுவிட்டார். இரவு தங்குமிடத்து வாசல் விளக்கடியில் மாணவிகள் 14 வண்டு பொறுக்கினார்கள். அவற்றை விடுதிச் சமையலறை உறைபெட்டியில் ஒரு டப்பாவில் போட்டு வைக்க அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். பூச்சியைக் கொல்ல இதுதான் பாதுகாப்பான வழி. ஒரு இரவு உறைந்தால் சிறிய பூச்சிகளுக்குப் போதும், பெரிய வண்டானால் இரண்டு நாள்.

செப்டம்பர் 19, வியாழன், ரயிலில்

காலையில் வண்டுகளைக் குத்திப் பெட்டியில் வைத்து, பூச்சி கெடாமல் ஊற வைக்க 1 லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியதுதான் தவறு. ரயில் நிலைய ஸ்கேனரில் பை நின்றுவிட்டது. தீப்பற்றும் திரவத்தைப் பயணியர் பெட்டியில் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கே வழி இருக்கிறது. பணியில் இருந்த காவலர் கோபப்படவில்லை. "படிக்கிற பிள்ளைங்க, தெரியாமச் செஞ்சிருக்கீங்க, வெளிய குடுத்துட்டு வாங்க" என்றார். வழியனுப்ப வந்த நண்பர் கையில் புட்டியைக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினோம்.

களப்பணிக்குப் போகும் மாணவர் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். சாராயத்தில், அதாவது இப்படி ஆல்கஹாலில், கிடக்கும் மாதிரியோடு ரயில் ஏற வேண்டுமென்றால், போகுமிடத்தில் சாராயம் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு குப்பியில் இருப்பதை வடித்துவிட்டு, பூச்சிகளை ஈரப் பஞ்சில் பொதிந்து இறுக மூடி, பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு போய், இறங்கியதும் மறுபடி ஊற்றலாம். ஓர் இரவுக்குத் தாங்கும், இரண்டு இரவுக்குத் தாங்காது. எத்தனால் வாங்குவதற்கே கல்லூரிக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தேவைப்படுகிறது. அதனால்தான் பல துறைகளில் ஐசோபுரோப்பைல் வைத்து ஓட்டுகிறார்கள். வடிவம் பார்க்க அது போதும். மரபணு எடுக்க வேண்டுமானால் 95 சதவீத எத்தனாலும் உறைகுளிரும் இல்லாமல் ஆகாது.

தர்மபுரி தாண்டியபின் வெயில் சுருங்கிக் குளிர்காற்று. வண்டியில் வந்த மசால் வடை, நான்கு 40 ரூபாய், ஆறிப்போயிருந்தது. பெங்களூரு இறங்க இரவாகிவிட்டது. லாட்ஜ் மேசைமேல் வண்டுப் பெட்டியை, மூடி லேசாகத் திறந்தபடி, காயட்டும் என்று வைத்தோம்.

செப்டம்பர் 20, வெள்ளி, ஹெப்பாள்

காலையில் பெட்டியில் 14 ஊசியும் இருந்தன. வண்டு எட்டுதான். மீதி ஆறில் ஊசியைச் சுற்றி ஒரு முன்சிறகு, ஒரு கால், கொஞ்சம் பொடி. சுவர் ஓரமாக ஒரு மெல்லிய எறும்புச் சாரை மேசைக் காலில் ஏறி, பெட்டி இடுக்கில் புகுந்து, அதே வழியே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு எறும்பு வண்டின் உணர்கொம்பைத் தலைக்கு மேலே தூக்கிப்போனதை மாணவிகள் இருவரும் அழாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்குப் பழைய வழிதான். மேசையின் நான்கு காலையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் மீன்சட்டியைக் காப்பாற்றியதும் இப்படித்தான். வெறும் தண்ணீரில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்துவிடும், சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். மேசை சுவரைத் தொடக் கூடாது, மேசை விரிப்பு தரையைத் தொடக் கூடாது. லாட்ஜில் கிண்ணம் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கொக்கியில் தொங்கவிட்டு, கயிற்றில் வாசலின் தடவலாம்.

பத்து மணிக்குப் பெங்களூரின் ஹெப்பாள் பக்கம். தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த இடத்தோடு நேரடி உறவு உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைப் படாத பாடு படுத்தியது. 2010-ல் இந்த நிறுவனம் அமெரிக்க வேளாண் துறை வழியாகப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை, அதாவது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவியை, தருவித்தது. எள்ளைவிடச் சிறியது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கியது. 2022-ல் மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழி: பெனின் நாட்டிலிருந்து வந்த அனாகிரஸ் லோபெசி குளவியைச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் முதலில் விட்டார்கள்.

இதில் மாணவருக்கு என்ன வேலை? உருளைக்கிழங்கு. குளவி வேண்டுமென்றால் மாவுப்பூச்சி வேண்டும், மாவுப்பூச்சிக்கு முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டும். கிழங்கை இருட்டில் முளைக்க வைத்து, வெளிறிய முளை ஓரிரு அங்குலம் வந்ததும் மாவுப்பூச்சியின் முட்டைப்பையை அதில் வைப்பார்கள். கிழங்கு அழுகினால் எல்லாம் போச்சு. அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் கழுவியபின் ஈரம் உலராமல் அடுக்குவதுதான். அதைவிடப் பெரிய விபத்து, குளவி வளர்க்கும் அறைக்குப் போன கையோடு மாவுப்பூச்சி அறைக்குள் நுழைவது. சட்டையில் ஒட்டிப்போன நாலு குளவி போதும், மூல வளர்ப்பு முழுவதையும் ஒட்டுண்ணி தின்றுவிடும். அதனால் இப்படிப் பூச்சியைப் பூச்சியால் அடக்கும் உயிர்வழிக் கட்டுப்பாட்டு ஆய்வகம் எதில் சேர்ந்தாலும் காலையில் மாவுப்பூச்சி அறை, பிறகு குளவி அறை. திரும்பிப் போகக் கூடாது.

சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் 30 கேட்டார், மழையைப் பார்த்துப் பேரம் பேசவில்லை. இறங்கும்போது சில்லறை இல்லை என்றதும் 20-ஐ அவரே விட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 21, சனி, அத்தி மரத்தடி

காலைச் சாப்பாடு காரா பாத்தும் கேசரி பாத்தும் ஒரே தட்டில், 60 ரூபாய். காபி 20.

இன்று முழுக்க ஒரே மரம். இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1983-ல் தொடங்கியது. அங்கே நடந்த பேராசிரியர் ரெனி போர்ஜஸின் ஆய்வுகளால் அத்தியும் அத்திக்குளவியும் உலக அளவில் பேசப்படுகின்றன. அதே துறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வு மாணவி, நகரின் வேறோர் இடத்தில் நிற்கும் நாட்டு அத்தி மரத்தடிக்கு எங்களை அழைத்துப் போனார். மாணவிகள் அவரைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்திலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்பது நம் பழமொழி. பழிச்சொல்லாகவே சொல்கிறோம். இன்று பிட்டுப் பார்த்தபோது அது எவ்வளவு நேர்த்தியான கவனிப்பு என்று தோன்றியது. அத்தி பூத்தாற்போல் என்கிறோமே, அந்தப் பூவும் உள்ளேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பூக்கள் உள்நோக்கிப் பூத்த ஒரு பை அது. செரட்டோசோலன் ஃபுஸ்கிசெப்ஸ் என்ற 2 மில்லிமீட்டர் கருங்குளவி, நுனித் துளை வழியே நெருக்கிப் புகுந்து, சிறகை அங்கேயே இழந்து, சில பூக்களில் முட்டையிட்டு, சிலவற்றில் மகரந்தம் வைத்து, உள்ளேயே சாகிறது. அதன் ஆண் குஞ்சுகளுக்குச் சிறகே இல்லை. பெண்ணோடு கூடி, சுவரில் வெளிவழி குடைந்துவிட்டு அவையும் சாகின்றன. மகரந்தத்தைச் சுமந்து வெளியேறும் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நாள் ஆயுள். அதற்குள் சரியான பருவத்தில் இருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே முதிர்ந்துவிடுகின்றன.

அக்கா பறித்த காய் சற்றே மெத்தென்று, சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. துளை இன்னும் விழவில்லை. "இந்த ஒரு நாளைப் பிடிக்கணும். துளை விழுந்த காய்னா எண்ணிக்கை தப்பு, பாதி பறந்துபோயிருக்கும்" என்றார். பிளேடால் குறுக்கே கீறி, இரு பாதியையும் உடனே மெல்லிய வலைத்துணிப் பைக்குள் போட்டுக் கழுத்தைக் கட்டினார். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் கழித்து, தேன்நிறத்தில் முதுகு வளைந்த ஆண்கள் வெளிச்சத்தில் தடுமாறி உருண்டன. பிறகு கருமணல் கொட்டியதுபோல் பெண்கள் வலையில் ஏறின. அவற்றுக்கிடையே வாலை உடம்பைவிட நீளமாகத் தூக்கிக்கொண்டு சில. அவை மகரந்தம் சுமக்காதவை, காயின் வெளிப்புறத்தில் நின்றே துளையிட்டு முட்டை வைப்பவை. அந்தத் துளைக்கும் ஊசியின் நுனியில் துத்தநாகம் ஏறியிருப்பதை இந்திய அறிவியல் கழகத்து ஆய்வு காட்டியது. காயைக் குடையப் பூச்சி தன் உடம்பிலேயே உலோகம் பூட்டிக்கொள்கிறது.

வேலை இனிமேல்தான். 10 மரம், மரத்துக்கு 10 காய் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு காய்க்கும் விதை எத்தனை, குளவி இருந்த பூ எத்தனை, ஒன்றுமில்லாமல் காலியான பூ எத்தனை, எந்தக் குளவி எத்தனை என்று எண்ண வேண்டும். புதிதாக வருபவருக்கு ஒரு காய்க்கு அரை நாள் ஆகும். எட்டு வாரக் கோடைப் பயிற்சியில் 100 காய் என்று திட்டம் எழுதும் மாணவர் நடுவில் மாட்டிக்கொள்வது இதனால்தான். 40 காயை ஒழுங்காக எண்ணிய தரவு உதவும். 100 காயை அவசரமாக எண்ணியதைத் தூக்கிப்போட வேண்டிவரும். கையில் பால் ஒட்டிக் கறுத்துப்போனால் பலாவுக்குச் செய்வதுபோல் தேங்காயெண்ணெய். முன்கூட்டியே தடவிக்கொள்ளக் கூடாது, எண்ணெய் பட்ட குளவி சிறகு ஒட்டிச் சாகும்.

அத்தி மரம் நின்ற வளாகத்திலேயே ஒரு சன்னல் மேல்விதானத்தில் ஒரு காகிதக் குளவிக் கூடு. ரொபாலிடியா மார்ஜினாட்டா. பேராசிரியர் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் இனம். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வெவ்வேறு நிறப் புள்ளி வைத்து, ஐந்தைந்து நிமிடமாகக் கவனித்துக் குறிப்பெடுப்பது முறை. ராணி சாந்தமாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் சில நிமிடத்திலேயே வேலைக்காரக் குளவி ஒன்று மட்டும் ஆக்ரோஷமாக மாறும், அதுவே அடுத்த ராணி. நோட்டும் கடிகாரமும் நாலு நிறச் சாயமும் வைத்தே செய்யக்கூடிய அறிவியல் இது. கருவி இல்லாத கல்லூரி என்று சொல்லிக்கொள்ளும் இடங்களிலும் தொடங்கலாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு, தரம் பிரிக்கும் மேசை

ஞாயிறென்றாலும் பெங்களூரில் நாங்கள் போன பூச்சி ஆய்வகத்தில் நாலு பேர் இருந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

மாணவிகளுக்கு ஒரு மஞ்சள் தட்டுப் பொறியில் (மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பூச்சி பிடிப்பது) விழுந்த மாதிரியைக் கொடுத்து, வரிசைவாரியாக, அதாவது ஈ, வண்டு, குளவி என்று பெரும்பிரிவுகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். வெள்ளைத் தட்டு, மெல்லிய இடுக்கி, நுண்ணோக்கி. நாலு சிறகா, இரண்டா என்று முதலில் பார். இரண்டு சிறகும், பின்னால் குண்டூசித் தலைபோல் ஒரு ஜோடிக் குமிழும் இருந்தால் ஈ. பின்கால் நெடுக முள்வரிசை இருந்தால் தத்துப்பூச்சி. தூசி என்று நினைத்து ஒதுக்கியதை அண்ணன் ஒருவர் நுண்ணோக்கியில் பெரிதாக்கிக் காட்டினார். துடுப்புப் போன்ற குச்சிச் சிறகு, ஓரமெல்லாம் மயிர். 1 மில்லிமீட்டருக்கும் சின்ன குளவி, பிற பூச்சியின் முட்டைக்குள் வளர்வது. "தட்டைக் கழுவி ஊத்துறதுக்கு முன்னாடி கடைசித் தடவை பெரிசாக்கிப் பாத்திருங்க. புதுசு எல்லாம் அங்கதான் கிடக்கும்." ஒரு மாதிரிக்கு இருவருக்கும் மூன்று மணி நேரம் ஆனது. பத்தில் ஒரு மாதிரியை வேறொருவர் மறுபடி பிரித்துச் சரிபார்ப்பது அங்கே வழக்கம்.

பிறகு லேபிள். பந்துமுனைப் பேனாவும் ஜெல் பேனாவும் சாராயத்தில் கரைந்து ஓடிவிடும். லேசர் அச்சும் சில சமயம் எழுத்தெழுத்தாக உரிந்துவிடும். பென்சிலால் எழுதி, குப்பிக்கு உள்ளே போட வேண்டும். குப்பிக்கு வெளியே ஒட்டிய லேபிள் கழன்றுவிட்டால் அந்த மாதிரி அநாதை. பூச்சி குப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் உடம்பு நீரே சாராயத்தை நீர்க்கச் செய்துவிடும், அதனால் 24 மணி நேரம் கழித்து ஒருமுறை மாற்றி ஊற்ற வேண்டும். 95 சதவீதத்திலிருந்து 70 ஆக்க, 70 மில்லியோடு 25 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர்.

மதியம் ராகி முத்தேயும் கீரைச் சாறும், 80 ரூபாய். முத்தேயை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் பொறுமையாகச் செய்து காட்டினார்.

சாப்பாட்டுக்குப் பின் பேசியதை அப்படியே எழுதுகிறேன், இதற்காகத்தான் பயணமே. ஆய்வகத்துக்கு மாணவர் வரப் பல வழி. இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரு தேசிய அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கை (உதவித்தொகையோடு ஆய்வகப் பயிற்சி) இரண்டு மாதத்துக்கு. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும், மார்ச்சில் விசாரித்தால் காலம் கடந்திருக்கும். சொந்த எழுத்தில் ஒரு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் முக்கியம். அறிவியல் மாணவருக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுபவருக்கு ஆண்டுக்கு வரும் 80,000 ரூபாயில் 20,000 ஆய்வுப் பயிற்சிக்காகவே ஒதுக்கப்பட்டது, அவர்கள் எந்த ஆய்வகத்தையும் நேரடியாகக் கேட்கலாம். மூன்றாவது வழி நேரடி மின்னஞ்சல்.

அந்த மின்னஞ்சலில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போவது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 150 சொல்லுக்குள் முடியுங்கள். அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேளுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், கையால் என்ன செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட, சொந்த ஊரில் எடுத்த ஒரு பக்கக் களக்குறிப்பின் படம் அதிகம் பேசும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். இடம் கிடைத்தால் மூன்று கேள்வியைத் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்: பணம் உண்டா, தங்க இடம் உண்டா, என் தரவில் என் பெயர் எங்கே வரும்? சம்பளமில்லாத இரண்டு மாதம் பெங்களூரில் தங்கச் செலவு செய்யக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இத்துறைக்கு வருவது சரியில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். நல்கையோடு வரும் வழியை முதலில் முயலச் சொல்வது அதனால்தான்.

இரவு நாகர்கோவில் போகும் வண்டி. இந்தத் தடவை பையில் சாராயம் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள், மணிமுத்தாறு

திருநெல்வேலியில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. சூடான அல்வா கால் கிலோ 75 ரூபாய், வாழையிலைத் துண்டில் வைத்து அங்கேயே தின்னக் கொடுத்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் மாடிகளில் அப்பளம் காய்கிறது. ஒரு கட்டு வாங்கியதற்கு, உடையாமல் கொண்டுபோகக் கடைக்காரரே பழைய அட்டைப்பெட்டி தேடித் தந்தார். அந்தப் பெட்டி பிறகு பூச்சிப்பெட்டி ஆனது.

மணிமுத்தாற்றில் அசோகா சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையின் அகத்தியமலை களமையம் இருக்கிறது. மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அதற்குள் கக்கச்சிக் காட்டில், மரங்களின் உச்சியில் எந்தப் பூவை எந்தப் பூச்சி மகரந்தம் சேர்க்கிறது என்று சௌபத்ரா தேவியும் பிரியா டேவிதாரும் செய்த ஆய்வு 2003-ல் வெளிவந்து, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காப்பகத்துக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. அனுமதி வர மாதக்கணக்காகும். எட்டு வாரத் திட்டத்தில் அதை எழுதவே கூடாது. பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம், அதுதான் மாணவருக்கு நடக்கும் வழி.

கார் பருவ நெல் அறுப்பு முடிந்த தாள் வயலும் ஒட்டினாற்போல் வாழைத் தோட்டமும் வைத்திருந்த பெரியவரிடம் கேட்டோம். "பூச்சியப் புடிச்சி என்ன செய்யப் போறிய?" என்றார். சொன்னதும், "அப்ப எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சின்னு எனக்கும் சொல்லிட்டுப் போங்க" என்று வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகள், அரைத் தட்டுத் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். வாசனை குறைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை உடைக்கும், இறங்கிய குளவி மூழ்கும். தட்டு சாய்ந்தால் ஓரத்தில் ஏறிப் போய்விடும். நேரம் 24 மணி, அதற்குமேல் விட்டால் இந்த வெயிலில் அழுகும். தரைப்பொறிக்கு 7 சென்டிமீட்டர் வாய் கொண்ட கோப்பை, விளிம்பு மண்ணோடு சமமாக. ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலும் எறும்பு சுற்றிப் போய்விடும். உள்ளே உப்பு கரைத்த தண்ணீர். வாகனக் குளிர்விப்பான் திரவத்தை ஊற்றச் சொல்வோர் உண்டு, வேண்டாம், இனிப்பாக இருப்பதால் நாய் குடித்துச் சாகும்.

மாணவிகள் வாழையில் 5 தட்டு, வயலில் 5 தட்டு வைத்துவிட்டு, "பத்து மாதிரி" என்று எழுதினார்கள். களமையப் பக்கம் பார்த்த ஓர் ஆய்வாளர் சிவப்புப் பேனாவால் அடித்தார். ஒரே வாழைத் தோட்டத்தில் 5 தட்டு வைத்தால் அது ஒரு தோட்டத்தின் மாதிரிதான். வாழையையும் வயலையும் ஒப்பிட வேண்டுமானால் ஐந்து தோட்டமும் ஐந்து வயலும் வேண்டும். மாணவர் திட்டங்கள் புள்ளியியலில் விழுவது பெரும்பாலும் இந்த ஒரே குழியில்.

பிற்பகல் வரப்பு மாமரத்தில் முசுறு எறும்பை, வாயால் இழுத்துப் பூச்சி பிடிக்கும் உறிஞ்சு குழாயால் பிடிக்கப்போய், மாணவிகளில் சின்னவளுக்குத் தொண்டை எரிந்து இருமல். உறிஞ்சும் பக்கக் குழாயில் வலைத்துணி கட்டியிருந்தது, எறும்பு வாய்க்குள் போகவில்லை. ஆனால் முசுறின் அமில ஆவிக்கு வலை தடை இல்லை. முசுறுக்கு இடுக்கிதான். பெரியவர் வீட்டிலிருந்து மோர் வந்தது. "யம்மா, மெதுவாக் குடி."

செப்டம்பர் 24, செவ்வாய், மணிமுத்தாறு

ஆறரைக்கே காற்று. இரவு ஒரு தட்டை ஆடு கவிழ்த்திருந்தது. கவிழ்ந்ததைப் 'பூச்சி 0' என்று எழுதக் கூடாது, 'மாதிரி இழப்பு' என்று எழுத வேண்டும். இரண்டும் கணக்கில் வேறு வேறு.

ஒன்பது தட்டையும் தேநீர் வடிகட்டி மேல் மெல்லிய துணி விரித்து வடித்தார்கள். வெறும் வடிகட்டியில் சின்னக் குளவி தப்பிவிடும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் சோப்பு போகும். களமையத்தில் 70 சதவீத எத்தனால் வாங்கி ஊற்றினோம். பெரியவரின் வாழைத் தோட்டத் தட்டுகளில் ஒட்டுண்ணிக் குளவி 31 இருந்தது, வயலில் 12. ஒரு தோட்டம், ஒரு வயல், அதனால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவரிடமும் அப்படித்தான் சொன்னோம். குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப பிசானத்துக்கு அஞ்சு வயல்ல வைங்க. எங்க மச்சான் வயல் ரெண்டு, கீழ மூணு, நான் கேட்டுத் தாறேன்" என்றார். பிசானம், காருக்கு அடுத்த நெல் பருவம்.

திண்ணையில் உட்கார்ந்து சின்னவள் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள் போட்ட லேபிள் இது:

தமிழ்நாடு, திருநெல்வேலி மாவட்டம், மணிமுத்தாறு, வாழைத் தோட்டம். மஞ்சள் தட்டு 3, 24 மணி. 23–24 செப்டம்பர் 2024. காற்று பலம், மழை இல்லை.